பதினோரு அடி தள்ளி நின்ற மரம்

செப்டம்பர் 18, வியாழன்.

பதிவு 14-இல் ஒரு சின்னத் தவறு. ஞாயிற்றுக்கிழமை 'மரம்: ஓக்' என்று எழுதியிருக்கிறேன். காளானுக்கு நேர் மேலே ஓக் கிளை இருந்தது. அதைப் பார்த்து எழுதிவிட்டேன். வேரைப் பார்க்கவில்லை. இன்று வேலை முடிந்ததும் போய், மண்ணை விலக்கிப் பார்த்தேன். ஓக் வேர் அந்தப் பக்கமே வரவில்லை. வந்திருப்பது பிர்ச் மரத்து வேர். மரம் இடிந்த சுவருக்கு அந்தப் பக்கம், பதினோரு அடி தள்ளி நிற்கிறது. நோட்டில் சிவப்பு மையால் அடித்துத் திருத்தி, தேதி போட்டாயிற்று. வகுப்பில் இரண்டாம் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம் இது. வெட்கமாக இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

இதை எழுதியவளுக்கு வீட்டில் ஸ்கேல் என்று பெயர். சின்ன வயதில் அண்ணனுக்கும் தனக்கும் வெட்டிவைத்த கேக் துண்டுகளை ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தவள். அன்றைக்கு அண்ணன் வைத்த பெயர், இருபத்து நான்கு வயதிலும் விட்டபாடில்லை. வேலையும் அதற்கேற்றாற்போல் அமைந்துவிட்டது. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வில்லைகளைத் தேய்த்துச் சட்டத்துக்குள் உட்கார வைக்கும் வேலை. அரை மில்லிமீட்டர் பிசகினாலும் வில்லை உட்காராது. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்று வாடிக்கையாளர் கழற்றிக் கொடுக்கும் கண்ணாடியில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படியே நான்கு வருஷம் ஓடிவிட்டது.

அந்த அறையிலிருந்து வெளியே வர ஒரு வழி திறந்திருந்தது. திங்களும் புதனும் மாலை ஆறு மணிக்கு, பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்தில் காட்டுக் காளான்களை இனம் காணும் வகுப்பு நடந்தது. வகுப்பின் கடைசி நாள், சனிக்கிழமை, ஒரு கண்காட்சி. ஆளுக்கு ஒரு காளானும் அதற்கொரு பதிவு அட்டையும் கொண்டுவந்து வைக்க வேண்டும். வனக் கணக்கெடுப்பு அதிகாரி வந்து பார்த்து, ஒருவரைத் தேர்ந்தெடுத்து உதவியாளராக எடுத்துக்கொள்வார். குளிர்காலம் வரை காட்டில் வேலை; பிடித்துப்போனால் நிரந்தரம். ஒரே ஓர் இடம்தான்.

ஸ்கேலை அந்த வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனது அண்ணி. சலவைக்கடையில் நாள் முழுக்கத் துணி தேய்க்கும் நீராவிப் பெட்டியோடு மல்லுக்கட்டுகிறவள். "எனக்கு வெந்நீர் ஆவி, உனக்குக் கண்ணாடித் தூள். ரெண்டு பேரும் மூச்சு விடுறதுக்காவது எங்கேயாவது போவோம் வாடி," என்று சொல்லிச் சேர்த்துவிட்டாள். மூன்று மாதமாக இருவரும் ஒரே பஸ்ஸில் போய், ஒரே மேஜையில் உட்கார்ந்து, ஒரே குடையில் திரும்பினார்கள். ஸ்கேலுக்கு அம்மா இல்லாத வீட்டில் அம்மாவும் தோழியும் அண்ணிதான். வேலைக்கு ஒரே ஓர் இடம்தான் என்று டீச்சர் சொன்ன அன்று, பஸ்ஸில் அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அது உனக்குத்தான். எழுதி வெச்சுக்கோ." ஸ்கேல் நிஜமாகவே எழுதி வைத்துக்கொண்டாள். ஆகஸ்ட் 4, திங்கள்.

வகுப்பில் ஒரு பழுப்புக் காளானுக்குத் தாடிக்காரன் என்று பட்டப்பெயர். வைத்தவர் கூடப் படிக்கும் பஸ் டிரைவர். பன் ரொட்டியின் மேல்புறம் போலப் பழுப்பான தொப்பி. அடியில் மற்றக் காளான்களில் இருக்கும் மடிப்புகளுக்குப் பதிலாகக் கடற்பஞ்சு போல நுண்துளைகள். வெளுத்த தண்டு முழுக்கக் கறுப்புச் சொரசொரப்பு. "சவரம் பண்ணி மூணு நாள் ஆன என் மூஞ்சி மாதிரியே இருக்கு டீச்சர்," என்றார் அவர். அன்றிலிருந்து டீச்சரே அதைத் தாடிக்காரன் என்றுதான் சொன்னார்.

"இதைத் தொட்டியில வெச்சு வளர்க்க முடியாது. ஒரு மரத்தோட வேரைப் பிடிச்சுக்கிட்டாத்தான் இதுக்கு உயிர். வேருக்கு எட்டாத தண்ணியை இது மண்ணுக்குள்ள போய்த் தேடிக் கொடுக்கும். மரம் தான் சமைச்ச சர்க்கரையில கொஞ்சம் இதுக்குக் கொடுக்கும்," என்றார் டீச்சர்.

"அப்போ புருஷன் பொண்டாட்டி மாதிரிங்களா?" என்றார் பஸ் டிரைவர்.

"இல்லைங்க. இதுங்க ஒண்ணுக்கொண்ணு சொல்லிக்காட்டாது."

வகுப்பே சிரித்தது. அண்ணிதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் டீச்சர் பலகையில் எழுதிப்போட்டார்: 'மேலே எந்த மரம் நிற்கிறது என்று பார்க்காதே. கீழே எந்த வேர் வருகிறது என்று பார்.'

எழுதிப்போட்டதை ஸ்கேல் நோட்டில் இரண்டு முறை அடிக்கோடிட்டாள். அப்படியும் தப்புச் செய்தாள் என்பதுதான் வேடிக்கை.

செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை காலை, தண்ணீர் ஏற்றும் நிலையத்துக்குப் பின்னால் இருந்த காட்டில், இடிந்த சுவரோரம், அவள் தாடிக்காரனைக் கண்டாள். பெரியது இரண்டு, அதில் ஒன்றை நத்தை தின்றிருந்தது. பக்கத்தில் சட்டைப் பொத்தான் அளவில் மூன்று குஞ்சுகள். அந்தக் காட்டின் பட்டியலில் தாடிக்காரன் இதுவரை ஏறியதே இல்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்தாற்போல் இருந்தது அவளுக்கு. ஆனாலும் தன் கண்ணை நம்பாமல் நாலு முறை சரிபார்த்தாள். பிறகு வீட்டுக்கு ஓடிப்போய் அண்ணியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அண்ணியை மட்டும்.

"அடியே, அடிச்சியே லாட்டரி!" என்று அண்ணி முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். அளவுநாடாவின் ஒரு முனையை அவள் பிடித்துக்கொள்ள, ஸ்கேல் படித்துப் படித்து எழுதினாள். தொப்பி 11.4 சென்டிமீட்டர். தண்டு 13.2. மரம்: ஓக்.

"இப்பவே பறிச்சிடலாமா?"

"வேண்டாம் அண்ணி. பெரிசு சனிக்கிழமைக்குள்ள கூழாயிடும். இந்தக் குஞ்சுங்க அன்னிக்குச் சரியா வளர்ந்திருக்கும். காலையில வந்து பறிச்சுக்கறேன்." பக்கத்துக் கிளையில் நீல நூல் ஒன்றைக் கட்டினாள்.

"அந்தப் பக்கத்தைக் காட்டு. முத்து முத்தா எழுதியிருக்கே. போட்டோ எடுத்து உங்க அண்ணனுக்குக் காட்டறேன். தங்கச்சிக்குப் பேர் வெச்சா மட்டும் போதுமா, அவளோட சாமர்த்தியத்தையும் பாக்கட்டும்."

ஸ்கேல் நோட்டை விரித்துப் பிடித்தாள்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு அவள் சுவரோரம் போய் நின்றபோது அங்கே ஒன்றும் இல்லை. பெரியவை இருந்த இடத்தில் கறுத்த கூழ். குஞ்சுகள் இருந்த மூன்று இடத்திலும் ஓக் இலைகள் அடுக்கி, கையால் அழுத்திவிடப்பட்டிருந்தன. இலையை விலக்கினாள். விரல் நுழையும் அளவுக்கு மூன்று குழிகள். தண்டைத் திருகி எடுத்தபின் குழியை இலையால் மூடி அழுத்த வேண்டும் என்பது டீச்சர் பழக்கிய பழக்கம். வழிப்போக்கர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். காட்டுப்பன்றியும் செய்யாது. கிளையில் நீல நூலும் இல்லை.

வகுப்பு ஆள்தான். முதலில் அவளுக்குப் பஸ் டிரைவர் மேல் சந்தேகம் வந்தது. அந்த நிலையம் வழியாகத்தான் அவருடைய பஸ் போகும், புதன்கிழமை அவளுடைய சேற்றுக் காலணியைப் பார்த்து, "எங்கே, புதையல் தோண்டுனீங்களா?" என்றும் கேட்டார். அண்ணிக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இன்று சீக்கிரம் துணி தேய்த்துக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு ஐந்தரைக்கே கிளம்பிவிட்டாளே, சத்தத்தில் கேட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டாள். அந்த நிமிஷத்திலும் அவளுக்கு அது தோன்றவில்லை. ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுக் கொடுக்கிறவளுக்குத் தன் மூக்குக்கு முன்னால் இருப்பது தெரியவில்லை.

வெறும் கூடையோடு ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தாள். நீள மேஜைகளில் கைகழுவும் தொட்டிகளுக்கு நடுவே ஆளாளுக்குத் தட்டு வைத்திருந்தார்கள். பஸ் டிரைவர் மரக்கட்டையோடு ஏதோ ஒரு காளானைப் பெயர்த்துக்கொண்டு வந்திருந்தார். "பெர்மிட் இல்லாம ஏத்திட்டு வந்தேன்," என்று அவளைப் பார்த்துக் கண் சிமிட்டினார். அவரை மனதுக்குள் திருடன் ஆக்கியதற்காக அவள் கூனிக்குறுகிப் போனாள்.

அவருக்குப் பக்கத்துத் தட்டில், பாசிமேல், மூன்று தாடிக்காரர்கள் நின்றார்கள்.

தட்டுக்குப் பின்னால் அண்ணி. விசேஷத்துக்கு உடுத்தும் நீலச் சட்டையை மடிப்புக் கலையாமல் தேய்த்துப் போட்டிருந்தாள். ஸ்கேலைப் பார்த்ததும் தட்டைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டாள்.

அட்டை அண்ணியின் கையெழுத்தில் இருந்தது. தொப்பி 11.4. தண்டு 13.2. தட்டில் இருந்ததில் பெரியதே எட்டு சென்டிமீட்டருக்கு மேல் இருக்காது என்று ஸ்கேலுக்கு அளக்காமலே தெரிந்தது. கடைசி வரி: 'மரம்: ஓக். நேர் மேலே.'

அவளுக்குக் கோபம் வரவில்லை. முதலில் வந்தது ஓர் அபத்தமான ஆசை: இது வேறு இடத்துக் காளானாக இருக்கக் கூடாதா? தற்செயலாக அதே அளவு, அதே மரம் அமையக் கூடாதா? மூன்று முறை படித்தாள். மூன்றாவது முறையும் 11.4 என்றுதான் இருந்தது. மனசுக்குள் எதுவோ மடங்கி உட்கார்ந்தது.

டீச்சரும் அதிகாரியும் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். அதிகாரி ஒல்லியான மனிதர். அவர் கண்ணாடியின் இடது வில்லை தளர்ந்து, ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. தாடிக்காரர்களைப் பார்த்ததும் நின்றார்.

"இந்தக் காட்டுலயா? முதல் பதிவு இது. யாரு கண்டுபிடிச்சது?"

"நான்தாங்க," என்றாள் அண்ணி. குரல் சரியாகத்தான் வந்தது.

அவர் அட்டையை எடுத்தார். சாய்ந்த கண்ணாடியை ஒரு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடைசி வரி வரை படித்தார். "ஓக்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாங்க. நேர் மேலேயே இருந்துச்சு."

"தாடிக்காரன் ஓக் வேரைப் பிடிக்காதும்மா. இது பிர்ச்சோட மட்டும்தான்." டீச்சரின் குரலில் கண்டிப்பைவிட ஏமாற்றம்தான் தெரிந்தது. "வேரைப் பாத்தீங்களா?"

அண்ணியின் முகத்தில் நீராவிப் பெட்டியைத் திறந்தாற்போல் ரத்தம் ஏறியது. "பாத்தேங்க. அது ஓக்தான். வேணும்னா இவளைக் கேளுங்க. இவளும் கூட இருந்தா. என் நாத்தனார். எதுலயும் பிசகவே மாட்டா."

எல்லோரும் ஸ்கேலைப் பார்த்தார்கள். அண்ணியும் பார்த்தாள். அந்தப் பார்வையில் மன்னிப்பு இல்லை. 'ஆமாம்னு சொல்லு' என்ற கெஞ்சல்தான் இருந்தது. திருடியது போதாதென்று சாட்சியும் கேட்கிறாளே என்று நினைத்தபோதுதான் ஸ்கேலுக்குக் கோபம் வந்தது. அதுவும் சத்தமாக வரவில்லை.

"பிர்ச்சுங்க. இடிஞ்ச சுவருக்கு அந்தப் பக்கம் நிக்குது. பதினோரு அடி தள்ளி."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் கூடையிலிருந்து நோட்டை எடுத்து, பதிவு 14-ஐத் திறந்து, அவர் கையில் கொடுத்தாள். அதிகாரி ஒரு கையில் அட்டையும் ஒரு கையில் நோட்டுமாக மாறி மாறிப் பார்த்தார். 11.4. 11.4. 13.2. 13.2. பிறகு, சிவப்பு மையால் அடித்த 'ஓக்', அதன்மேல் எழுதிய 'பிர்ச்', பக்கத்தில் வியாழக்கிழமைத் தேதி. டீச்சரும் எட்டிப் பார்த்தார். கூடத்தில் யாரோ தொட்டிக் குழாயை மூடினார்கள்.

"தப்பைத் திருத்தறதுக்கு முன்னாடி எடுத்த நகல் போல," என்று பஸ் டிரைவர் முணுமுணுத்தது நாலு மேஜைக்குக் கேட்டது.

அதிகாரி அட்டையைத் தட்டிலேயே கவிழ்த்து வைத்தார். நோட்டை மட்டும் ஸ்கேலிடம் திருப்பிக் கொடுத்தார். "காளானைப் பறிக்க யாரா இருந்தாலும் முடியும். எனக்கு வேரைக் காட்டுற ஆள் வேணும். நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு அங்கே வர்றேன். அந்தப் பதினோரு அடியை எனக்குக் காட்டுங்க. சரியா இருந்தா திங்கட்கிழமை ஆபீசுக்கு வந்துடுங்க."

கிடைத்தே விட்டதுபோல் பஸ் டிரைவர் கை தட்டினார். ஸ்கேலுக்கு உள்ளே ஒன்றுமே எழவில்லை. ஆகஸ்ட் மாதத்திலிருந்து அந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தாள். வந்தபோது அதைச் சொல்லி மகிழ ஒரே ஓர் ஆள்தான் அவளுக்கு உண்டு. அந்த ஆள் தட்டைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

ஒரே வீட்டுக்குப் போகிறவர்கள் வேறு வேறு பஸ்ஸில் போக முடியாது. பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்கள். நாலு நிறுத்தம் கடந்தது.

"திருத்துனதை ஏன்டி எங்கிட்ட சொல்லலை?" என்றாள் அண்ணி, ஜன்னலைப் பார்த்தபடி.

ஸ்கேல் திரும்பி அவளைப் பார்த்தாள்.

"வேணும்னே தப்பா விட்டு வெச்சியா? எல்லார் முன்னாடியும் என்னை நிக்க வெச்சுச் சிரிக்கணும்னு?"

"அண்ணி, நீங்க எடுப்பீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நேத்துதான் தோணுச்சு. பொறி தட்டுன மாதிரி. அந்த நீராவியில எத்தனை வருஷம்தான் நிக்கிறது? உனக்கு வயசு இருக்கு, இன்னொண்ணு கிடைக்கும்னு நெனச்சேன். நேத்து சாயங்காலம் நீ குளிக்கப் போனப்போ உன் நோட்டைப் பார்த்து எழுதிட்டேன். புத்தி கெட்டுப் போச்சு. ஒரு நாள் புத்தி. அவ்வளவுதான்."

ஸ்கேல் அதை உள்ளுக்குள் வாங்கிக்கொண்டாள். ஒரு நாள் புத்தி. அதை மன்னிக்க முடியும்போல் இருந்தது. அவளும்தானே தப்புச் செய்தாள்? திருத்தியதை வெட்கப்பட்டு மறைத்தாளே, சொல்லியிருந்தால் அண்ணிக்கு இந்த அவமானமாவது மிஞ்சியிருக்காதே என்றுகூடத் தோன்றியது. தன் மேல் பழி போட்டுக்கொள்வது அவளுக்குக் கைவந்த கலை. இறங்கும்போது அண்ணியின் துணிப்பையை அவளே வாங்கிச் சுமந்தாள்.

சாப்பாட்டு மேஜையில் அண்ணன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "என்ன, ரெண்டு பேரும் வாயே திறக்கலை? விஷக் காளானைத் தின்னுட்டீங்களா?"

அண்ணி எழுந்து அடுப்பங்கரைக்குப் போனாள். ஏதாவது பேசியாக வேண்டுமே என்று ஸ்கேல் சொன்னாள்: "எனக்கு வேலை கிடைச்சாலும் கிடைக்கும் அண்ணா. அன்னிக்கு அண்ணி போட்டோ காட்டினாங்கல்ல, அந்தக் காளான்தான்."

"எந்தப் போட்டோ?"

"ஞாயித்துக்கிழமை. என் நோட்டுப் பக்கம். உனக்குக் காட்டத்தான் எடுத்தாங்க."

"எனக்கு ஒண்ணும் காட்டலையே. நீ ஒரு காளானைக் கண்டுபிடிச்சதே எனக்கு இப்பத்தான் தெரியும்."

அடுப்பங்கரையில் தண்ணீர் ஓடும் சத்தம் சட்டென்று நின்றது.

ஸ்கேல் தன் அறைக்குப் போய் நோட்டைத் திறந்தாள். பதிவு 14. சிவப்புக் கோடு. செப்டம்பர் 18, வியாழன். நேற்று, வெள்ளிக்கிழமை சாயங்காலம், இந்தப் பக்கத்தைப் பார்த்து எழுதியவர் எவராக இருந்தாலும் 'பிர்ச்' என்றுதான் எழுதியிருக்க முடியும். அட்டையில் இருந்தது 'ஓக்'. அப்படியானால் நேற்று நோட்டை யாரும் திறக்கவே இல்லை. அட்டை எழுதப்பட்டது ஞாயிற்றுக்கிழமைப் போட்டோவைப் பார்த்து. மண்ணில் முழங்கால் போட்டு, அளவுநாடாவின் முனையைப் பிடித்துக்கொண்டு, 'முத்து முத்தா எழுதியிருக்கே' என்று சொன்ன அந்த நிமிஷத்திலேயே எண்ணம் இருந்திருக்கிறது. ஒரு நாள் புத்தி இல்லை. ஆறு நாள். அந்த ஆறு நாளும் அண்ணி அவளுக்குத் தட்டில் சோறு போட்டாள். புதன்கிழமை மழையில், வழக்கம்போல, குடையை அவள் பக்கமாகவே சாய்த்துப் பிடித்தாள்.

மறந்திருக்கலாம், காட்ட மறந்திருக்கலாம் என்று மனசு இன்னொரு முறை வக்காலத்து வாங்க வந்தது. அவள் நோட்டைக் காட்டி அதன் வாயை அடைத்தாள்.

கதவுக்கு வெளியே காலடிச் சத்தம் வந்து நின்றது. "ஸ்கேலு," என்றாள் அண்ணி மெதுவாக. "தூங்கிட்டியா?"

மணி எட்டுகூட ஆகவில்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவின் கீழ் இடுக்கு வழியாக அது வெளியே தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும். பதில் சொல்லாமல் பேனாவைத் திறந்தாள். காலடி கொஞ்ச நேரம் நின்று, பிறகு போயிற்று.

செப்டம்பர் 20, சனி.

பதிவு 14: மாதிரி இல்லை. பறித்தது நான் அல்ல. அளவுகள் என்னுடையவை. மரம் பிர்ச், இதில் சந்தேகம் இல்லை.

இன்றைய தவறு: பஸ் டிரைவரைச் சந்தேகப்பட்டேன். அண்ணியைச் சந்தேகப்படவில்லை. இரண்டையும் ஒரே தவறாக எழுதுவதா, இரண்டாக எழுதுவதா என்று தெரியவில்லை.

நாளை: ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டும். மண் தோண்டும் கரண்டி, அளவுநாடா, புதிதாக ஒரு நீல நூல். சுவரின் இந்தப் பக்கம் மூன்று குழிகளிலிருந்து வேரைத் திறந்து, அந்தப் பக்கம் மரம் வரை காட்ட வேண்டும். காட்டி முடித்ததும் மண்ணை மூடி இலையால் அழுத்த வேண்டும். அளவுநாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. ஆணி ஒன்று எடுத்துப் போக வேண்டும்.